அரக்கு உடையாத வாரியம்

மதுமதி எங்கள் தெருவுக்குக் குடிவந்த வாரமே அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நானாகப் போய்க் கேட்கவில்லை. திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டை ஒட்டிய சந்தில், வாசலோடு சேர்த்துத் தையல் கடை வைத்திருப்பவளுக்குச் செய்தி தானாக வரும். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்ணும் பேசாமல் நின்றதில்லை.

அவள் புருஷன் ஈஸ்வர் ரிக் வண்டிக்காரன். போர் போடுகிற அந்த ராட்சச வண்டியோடு வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில் ஏதாவது ஒரு காட்டில் நிற்பான். இவள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். திடீரென்று ஒருநாள் அந்தக் கம்பெனி, எல்லாரும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தால்தான் ஆயிற்று என்றது. போனால் இரண்டாவது படிக்கிற மகளை விடுதியில் தள்ள வேண்டும். அதனால் பாதிக்கும் குறைந்த சம்பளத்துக்கு உள்ளூரிலேயே ஒரு வேலையில் சேர்ந்தாள். இரண்டு வருஷம் ஒப்பந்தம். முடியும்போது இயக்குநர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் அவளுக்குப் பெங்களூர், பிள்ளைக்கு விடுதி. அந்த ஒரு கையெழுத்துக்கு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் சேர்ந்த இடத்துக்குப் பெயர் மேற்குச் சமவெளி ஆழ்துளைக் கிணறு விவரத் தொகுப்பு வாரியம். பாதி அரசாங்கம் என்பார்கள். எந்தப் பாதி என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே தெரியாது. சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டம் காட்டில் போர் போட்டாலும் அதன் விவரம் அங்கே பதிவாக வேண்டும்: எத்தனை அடி, எங்கே பாறை, எங்கே ஈரமண், தண்ணீர் வந்ததா, வெறும் புகையா. அறுபத்தெட்டாயிரம் கிணறு. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போட்டிருக்கிறவன் புதிதாகத் துளை போடுமுன் அங்கே போன் செய்து, தன் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு எத்தனை அடியில் தண்ணீர் கண்டது என்று கேட்டுக்கொள்ளலாம். அவன் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

இந்த விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. அதைக் கட்டி மேய்ப்பதுதான் மதுமதியின் வேலை. தரவுத்தள நிர்வாகி என்று நியமன ஆணையில் எழுதியிருந்தது. ஆபீசில் 'கம்ப்யூட்டர் மேடம்' என்றார்கள். மின்விசிறி ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் போவதற்கு முன்பு ஒரு விவசாயி கேட்ட கேள்விக்குப் பதில் வர இருபது நிமிடம் ஆகும். அவள் போன மூன்றாம் மாதம் அரை நிமிடத்தில் வந்தது. இதனால் ஆபீசில் பெரிய சங்கடம். முன்பெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் டீ குடித்துவிட்டு வருவார்கள். இப்போது விவசாயி போனிலேயே நிற்கிறானாம்.

பிறகு அவள் குப்பை பொறுக்க ஆரம்பித்தாள். ஒரே கிணறு அப்பன் பேரில் ஒருதரம், மகன் பேரில் ஒருதரம், காட்டுக் கருப்பண்ணசாமி பேரில் ஒருதரம் பதிவாகியிருக்கும். அதையெல்லாம் ஒன்றாக்கினாள். மோகனூர்ப் பக்கம் ஒரு கிணற்றின் ஆழம் தொள்ளாயிரத்து எண்பது கோடிச் சொச்சம் அடி என்று இருந்தது. பார்த்தால், ஆழம் எழுத வேண்டிய கட்டத்தில் யாரோ கிணற்றுக்காரரின் செல்போன் நம்பரை அடித்திருக்கிறார்கள். அதை நீக்க அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதினாள். இயக்குநர் காளிதாஸ் அவளை அறைக்குக் கூப்பிட்டார். காளிதாஸ் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, சுழல் நாற்காலியில் பாதி சுற்றி ஜன்னலைப் பார்த்தபடிதான் பேசுவார்.

ஆசியாவிலேயே ஆழமான கிணறு நம் வாரியத்தின் எல்லையில்தான் இருக்கிறது என்று போன வருஷமே அவர் ஒரு விழாவில் பேசிவிட்டாராம். கைத்தட்டலும் வாங்கிவிட்டாராம். அந்த ஆழம் பூமிக்குள் அடங்காது, மறுபக்கம் வெளியே வந்து நிலாவையும் தாண்டிப் போய்விடும் என்று இவள் பணிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அதெல்லாம் பூமி பாத்துக்கும்," என்றாராம் அவர். "நாம பதிவு பண்றவங்க. சந்தேகப்படறது நம்ம வேலை இல்லீங்க."

இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதன் பிறகு வெகுநாள் அவள் அந்த வாரியத்தைப் பற்றிச் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சடங்கு என்று ஒன்று அங்கே நடக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்லாம் போய்விடும் அல்லவா, அதனால் விவரம் முழுவதையும் வாரத்துக்கு ஒருமுறை வேறொன்றில் நகல் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த ஊர் ஆபீசிலும் செய்வதுதான். இங்கே செய்கிற முறைதான் வேறு. ராகு காலம் கழிந்ததும் பதிவறைக் காப்பாளர் வேலுமணி குளித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு கணினி அறைக்குள் போவார். கூடவே இயக்குநரும் கண்காணிப்பாளர் உண்ணாமலையும். கதவு சாத்தப்படும். ஒரு புதுப் பென் டிரைவில் நகல் ஏறும். அதைச் சிவப்புத் துணிப்பையில் போட்டு, நூல் சுற்றி, மெழுகுவத்தியில் அரக்கு உருக்கி, வாரியத்தின் பித்தளை முத்திரையை அழுத்துவார்கள். மூன்று கையெழுத்து. பிறகு மூன்று பூட்டுப் போட்ட இரும்பு பீரோவுக்குள் வைப்பார்கள். பூட்டுக்கு ஒரு சாவி, ஆளுக்கு ஒரு சாவி. பதினொரு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. வருஷா வருஷம் தணிக்கைக்காரர்கள் வந்து பீரோவைத் திறந்து, பைகளை எண்ணி, ஓர் அரக்காவது உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். உடைந்ததே இல்லை. அதற்காகக் கொடுத்த கேடயங்கள் வரவேற்பறையில் வரிசையாக இருக்கின்றன.

மதுமதி ஒப்பந்தப் பணியாளர் என்பதால் சாத்திய கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். தொடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. ஒருநாள் கதவு சாத்தித் திறப்பதற்குள் வேலுமணி வெளியே வந்துவிட்டார். இத்தனை சீக்கிரமாக முடிந்ததா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"ஒரே செகண்டுதானுங்க மேடம்," என்றிருக்கிறார் வேலுமணி பெருமையாக. "அரக்கு காயறதுக்குத்தான் நேரமாகுமுங்க."

அறுபத்தெட்டாயிரம் கிணறு ஒரு செகண்டில் ஏறாது. குறைந்தது அரை மணி நேரமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தவள், கொடுத்த டீயைக் குடிக்கவே இல்லை.

மறுநாள் ஒரு குறிப்பு எழுதினாள். சீல் வைத்த பைகளில் ஏதாவது ஒன்றைப் பிரித்து, உள்ளே இருப்பதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, கிணறுகள் திரும்ப வருகின்றனவா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். நகல் எடுப்பது பெரிதல்ல, நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்பதுதான் காரியம். நான்கு வரிக் குறிப்பு.

அந்த நான்கு வரி வாரியத்தில் ஏழு மாதம் நடந்தது. உண்ணாமலை எனக்கு ஜாக்கெட் வாடிக்கை என்பதால் அந்தக் கோப்பு எந்த மேஜையில் படுத்திருக்கிறது என்பது எனக்கு மதுமதிக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தம்மா நல்ல மனுஷி. விதிப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்வார். புது விதி வந்தால் இரண்டு சுற்று மெலிந்துவிடுவார். முதலில், சோதிக்கக் கேட்பதனால் முன்பு இருந்த அலுவலர்கள் மேல் சந்தேகப்படுகிறீர்களா என்று விளக்கம் கேட்டார்கள். இல்லை என்று எழுதினாள். சந்தேகமில்லை என்றால் சோதனை எதற்கு என்று கேட்டார்கள். அதற்கும் பதில் எழுதினாள். பிறகு, உடைத்த அரக்கை மறுபடி ஒட்ட விதியில் இடமிருக்கிறதா என்று சட்ட ஆலோசகரிடம் போயிற்று. அவர், உடைக்கவே விதியில் இடமில்லாதபோது ஒட்டுவது பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்று எழுதி அனுப்பினார்.

கடைசியில் காளிதாஸ் பெரிய மனது வைத்து, மீட்பு ஒத்திகை நடத்த உத்தரவிட்டார். மதுமதி அன்று புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஒத்திகை எப்படி நடந்தது என்றால், மணி அடித்தார்கள். மூன்று பேரும் மூன்று சாவியோடு ஓடி வந்தார்கள். வேலுமணி ஒரு பையைத் தாம்பாளத்தில் வைத்துக் கணினி அறை வாசல்வரை கொண்டு போனார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் பத்து வினாடி. பையை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையே என்று மதுமதி கேட்டதற்கு, காளிதாஸ் கேசரிக் கையோடு ஒரு சிறு உரையே நிகழ்த்தியிருக்கிறார்.

"உள்ள என்ன இருக்குதுங்கறது தொழில்நுட்பம். வெளிய அரக்கு உடையலைங்கறதுதான் நிர்வாகம். தொழில்நுட்பம் மாறிட்டே இருக்கும், அம்மணி. நிர்வாகம் மாறக்கூடாது. நான் இங்க வந்து ஆறு வருஷமாச்சு. ஒரு முடிவு எடுத்து அது தப்பாப் போச்சுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா நான் எடுக்கலை."

எல்லாரும் கைத்தட்டினார்களாம். இவளும் தட்டியிருக்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம்தானே இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தாள். உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு டப்பாவை என் கையில் வைத்தாள். பழைய ஜாக்கெட் துணியில் சுற்றியிருந்தது.

"அக்கா, இது உங்க ஊட்டுல இருக்கட்டுங்க. வாரா வாரம் வந்து வாங்கிட்டுப் போய், புதுசையும் ஏத்திக் கொண்டாந்து குடுத்தர்றேன்."

என்ன அது என்று கேட்காமல் விட்டால் நான் நானாக இருக்க முடியுமா? கேட்டேன். எல்லாக் கிணறும் இதற்குள் இருக்கிறது என்றாள். அவளே எடுத்த நகலாம். மெனக்கெட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாளாம், ஒன்று விடாமல் வந்ததாம். ஒரு நகலாவது ஆபீசுக்கு வெளியே வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அது தப்பிக்கும் என்பது அவள் படித்த தொழிலின் பாடமாம். ஆனால் வாரியத்தின் விதிப்படி வெளியே கொண்டுவருவது குற்றம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள். நான் லைனிங் துணி மூட்டைக்கு அடியில் வைத்தேன். மூச்சு விடவில்லை. இரண்டரை மாதம். என் ஆயுளில் அதற்கு முன்பு நான் எந்தச் செய்தியையும் இரண்டரை நாள் தாண்டி வைத்திருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. ரிக் வண்டியும் லாரியும் ஊர் திரும்பி, கழுவி, மாலை போட்டு வரிசையில் நிற்கும். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஒரு அடி முன்னே நகர்த்தி நசுக்கினால்தான் பூஜை முடிந்தது. சக்கரம் உள்ள எதையும் நாங்கள் விடுவதில்லை. போன வருஷம் எதிர்வீட்டுக்காரர் குழந்தையின் நடைவண்டிக்கு வைத்தார்.

வாரியத்தில் அந்த ஆவணி மாதம்தான் சர்வருக்குப் புது இரும்புச் சட்டம் வந்திருந்தது. சர்வர் என்றால் கிணறெல்லாம் குடியிருக்கிற பெட்டி. ஆளுயரச் சட்டத்தில் அதைப் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு அடியில், இடம் மாற்ற வசதியாக, நான்கு குட்டிச் சக்கரம்.

வேலுமணி நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தபோது மதுமதிக்குப் புரியவில்லை. சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள், வைக்கட்டும் என்று இருந்திருக்கிறாள். அவர் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்ததும்தான் எழுந்து ஓடினாளாம். இது எங்கேயும் போகிற வண்டி இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஒயர் எல்லாம் சுவரோடு இருக்கிறது, அசைக்கவே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

"சக்கரம் இருக்குதுங்களே மேடம்," என்றார் வேலுமணி. அதற்கு மேல் ஒரு வாதம் உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் தலையசைத்தார். ஆபீஸ் மொத்தமும் சேர்ந்து தள்ளியது. முன் சக்கரம் இரண்டும் பழத்தின் மேல் ஏறின. ஒன்று நசுங்கியது. இன்னொன்று நசுங்காமல் உருண்டது. சுவரோடு இருந்த ஒயர்கள் ஒரு பக்கம் இழுக்க, சட்டம் மெதுவாக, எல்லாருக்கும் வழி விடுகிற மாதிரி சாய்ந்து, முகம் குப்புற விழுந்தது. உள்ளே சின்னதாக ஒரு பொறி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாரோ பழக்க தோஷத்தில் சூடத்தைக் காட்டினார்கள்.

மதுமதி மண்டியிட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, எதுவும் மிஞ்சவில்லை என்றாள். அறுபத்தெட்டாயிரம் கிணறும் தூர்ந்துவிட்டன.

காளிதாஸ் பதறவில்லை. பீரோவைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். ஐந்நூற்று எழுபத்திரண்டு பைகள் இருக்கின்றனவே. நல்ல நேரம் குறித்து, புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பத்திரிகைக்காரர்களையும் வரவழைத்து, மூன்று சாவியும் போட்டு, வாரிய வரலாற்றிலேயே முதல் அரக்கை அவர் கையாலேயே உடைத்தார். ஈஸ்வர் ஊருக்கு வந்தபோது வாங்கித் தந்த மடிக்கணினியில் மதுமதி பென் டிரைவைச் சொருகினாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நடுவில் ஒரே ஒரு படம். மஞ்சள் பெட்டி, அதன் மூலையில் வளைந்த ஓர் அம்புக்குறி, கீழே 'கிணறு' என்று பெயர்.

உண்ணாமலைதான் எனக்கு இதை விளக்கினார், மதுமதி சொன்னதாக. கம்ப்யூட்டர் திரையில் நாம் அமுக்குகிற அந்தப் படம் இருக்கிறதே, அது பொருள் அல்லவாம். பொருள் எங்கே இருக்கிறது என்று வழி சொல்கிற சீட்டாம். ஊட்டையே தூக்கி வைத்துக்கொண்டதாக நினைத்து, ஊட்டு விலாசம் எழுதிய துண்டுத்தாளைப் பதினொரு வருஷமாக அரக்கு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இப்போது அந்த விலாசத்தில் ஊடு இல்லை.

மற்ற பைகளையாவது பார்க்கலாம் என்று யாரோ சொன்னதும் வேலுமணி, அவசியமில்லை என்று உறுதி கொடுத்தார்.

"எல்லாத்துலயும் இதேதானுங்க இருக்கும். ஒரு வாரம்கூட முறை மாத்துனதில்லீங்க."

இன்னும் இரண்டு வாரத்தில் உயர்மட்டக் குழு ஒன்று பார்வையிட வருவதாக இருந்தது. இயக்குநர் முதல்முறையாக நாற்காலியை ஜன்னல் பக்கம் சுற்றாமல் நேராக உட்கார்ந்தாராம். மதுமதி ஆபீசிலிருந்து கிளம்பினாள். நேரே என் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சனிக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை. அன்று போய், பரணிலிருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டரை எழுப்பி, அந்தக் கறுப்பு டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிவிடுவாள். திங்கட்கிழமை கிணறெல்லாம் இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், வந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார் இயக்குநர். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு நாள்.

"ரெண்டு நாளுங்கக்கா," என்றாள். "ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

வியாழக்கிழமை நான் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உண்ணாமலை வந்தார். கையைத் தூக்கி நின்றவர், நாடாவைச் சுற்றும்போது பொலபொலவென்று கண்ணீர் விட்டார். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கிறதாம், மூன்றாவது சாவி அவர் சாவியாம், உள்ளே என்ன வைக்கிறோம் என்று ஒருதரமாவது கேட்டிருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். நானும் பெண்தானே. ஒரு மனுஷி என் நாடாவுக்குள் நின்று அழுகிறார்.

"அழுவாதீங்க," என்றேன். "உங்க கிணறெல்லாம் உங்க முதுகுக்குப் பின்னாலதானுங்க இருக்குது."

அவர் திரும்பி லைனிங் துணி மூட்டையைப் பார்த்தார்.

உண்ணாமலை கெட்டவர் அல்ல என்று சொன்னேன் அல்லவா. அவர் சந்தோஷத்தில்தான் ஓடினார். சந்தோஷத்தில்தான் இயக்குநரிடம் சொன்னார். அரை மணியில் என் வாசலில் ஜீப் நின்றது. டப்பாவைக் கண்டதும் எல்லாரும் குதிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் காளிதாஸின் முகம் மெல்ல மெல்ல அதிகாரியின் முகமாக மாறியது. வாரியத்தின் தரவு, வாரியத்துக்கு வெளியே, ஒரு தையல் கடையில். இது எப்படி இங்கே வந்தது? நான்கு நாளாக அவர் மேல் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. முதல்முறையாக அவர் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்தது. விடுவாரா?

சாட்சிப் பொருளாகக் கைப்பற்றினார்கள். என் தையல் மேஜைமேலேயே வேலுமணி அரக்கு உருக்கினார். சிவப்புத் துணிப்பை கொண்டுவர மறந்துவிட்டதால் என்னிடமிருந்தே ஒரு சிவப்பு லைனிங் துணி கேட்டு வாங்கினார்கள். மூன்று கையெழுத்து. நேரே பீரோ. அறுபத்தெட்டாயிரம் கிணறும் மறுபடி உள்ளே போய்விட்டன, இந்த முறை உண்மையாகவே. எடுக்கத்தான் முடியாது.

அன்று சாயங்காலம் மதுமதி வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிஷினில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. பிள்ளையின் சீருடையை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேனே, அதை விடுதிக்குப் போகும்போது பிரித்துவிட முடியுமா, அங்கே போனதும் வளர்ந்துவிடுவாள் என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

விசாரணை அதிகாரியாக நாமக்கல்லிலிருந்து தமிழரசு என்று ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். நிதானமான ஆள். ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் வெளியே விடுவார். என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். டப்பாவில் வாரியத்தின் தரவு இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். டப்பாவைப் பார்த்தேன், கறுப்பாக இருந்தது என்றேன். 'சாட்சி கிணறு எதையும் காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

குற்றம் நிரூபணமாக வேண்டுமானால் அதற்குள் இருப்பது வாரியத்தின் தரவுதான் என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் பையைப் பிரிக்க வேண்டும்.

"பிரிச்சா அரக்கு உடைஞ்சிரும்," என்றார் தமிழரசு. "உடைஞ்சா அது சாட்சிப் பொருளே இல்லை. வெறும் டப்பா."

"அப்பப் பிரிக்காம விட்டா?" என்றார் காளிதாஸ்.

"உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. தெரியாததை வெச்சு ஒருத்தரைத் தண்டிக்க முடியாது, விடுவிக்கவும் முடியாது."

"பொறவு விசாரணை எப்பங்க முடியும்?"

தமிழரசு நெடுநேரம் மென்றார். "முடியாது," என்றார்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை எழுந்தார். மூன்று நாளாக அவர் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும். புது ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. நாற்பத்தொன்றாம் விதி, ஆ பிரிவு. அதைப் படித்தார். விசாரணைக்கு உள்ளான எந்தப் பணியாளரையும், அவர் ஒப்பந்தப் பணியாளரே ஆயினும், விசாரணை முற்றுப்பெறும் வரை பணியிலிருந்து விடுவிக்கலாகாது. தப்பி ஓடிவிடாமல் இருப்பதற்காக யாரோ ஒரு புத்திசாலி எழுதி வைத்தது. அதுவரை ஒப்பந்தம் தானே நீளும். விடுவித்தால் விடுவித்தவர் மேல் நடவடிக்கை.

கடைசி வரியைக் கேட்டதும் காளிதாஸ் பேனாவை எடுத்துவிட்டார். மதுமதி இரண்டு வருஷமாகக் காத்திருந்த கையெழுத்து அது. நிரந்தரம் என்ற சொல் அந்த உத்தரவில் எங்கும் இல்லை. 'விசாரணை முடியும் வரை' என்றுதான் இருந்தது. உண்ணாமலை அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கடையிலேயே அவள் கையில் கொடுத்தார். மதுமதி படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு, நிலாவைத் தாண்டிப் போன கிணற்றுக்குச் சிரித்தாளே, அப்படிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சீருடையை வாங்கிப் பார்த்து, மடிப்பு அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை வாரியத்தின் திரையில் கிணறுகள் எல்லாம் இருந்தன. நாமகிரிப்பேட்டைக்காரன் போன் செய்தான், அரை நிமிடத்தில் பதில் போயிற்று. காளிதாஸ் உயர்மட்டக் குழுவிடம், சர்வர் தானாக எழுந்துகொண்டது என்றும், முறைப்படி பூஜை செய்ததன் பலன் என்றும் சொல்லி, ஒரு கேடயம் வாங்கிவிட்டார். தொள்ளாயிரத்து எண்பது கோடி அடிக் கிணறு மட்டும் திரும்பி வரவில்லை. வறண்டிருக்கும் என்று அவர் அதை விட்டுவிட்டார்.

எனக்கு ஒரு விஷயம்தான் தாளவில்லை. டப்பா பீரோவுக்குள் இருக்கிறதே, கிணறு எங்கிருந்து வந்தது? கேட்டேன்.

"ஒண்ணு மட்டுமா வெப்பாங்கக்கா?" என்றாள். "மூணு இடத்துல வெக்கோணுமுங்க. உங்க ஊடு ஒண்ணு."

"மிச்சம் ரெண்டு?"

அவள் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். கை இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தால் நன்றாயிருக்குமா என்று ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டாள். அதன் பிறகு தயிர் உறை வாங்கவும், சும்மா பேசவுமாக அவள் வீட்டுக்கு ஒன்பது தடவை போய் வந்துவிட்டேன். அரிசி டின், சாமி படத்துக்குப் பின்னால், ஈஸ்வரின் பழைய ஸ்பேனர் பெட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை.

வாரியத்தில் வெள்ளிக்கிழமைச் சடங்கு நிற்கவில்லை. வேலுமணி அதே மஞ்சள் படத்தை, அதே ஒரு செகண்டில், பென் டிரைவில் ஏற்றுகிறார். அரக்கு காயத்தான் நேரமாகிறது. கதவுக்கு வெளியே மதுமதி நிற்கிறாள். இப்போது அவள் வாய் திறப்பதில்லை. குறிப்பும் எழுதுவதில்லை.

நாளைக்கு இந்த வருஷத்து ஆயுத பூஜை. நேற்று மதுமதி டிபன் பையோடு கடைக்குள் வந்தாள். உள்ளே கனமாக ஏதோ குலுங்கியது. ஊருக்கு வந்திருக்கிற ஈஸ்வரின் ஸ்பேனரைக் கொண்டுபோய், சர்வர் நிற்கிற சட்டத்தின் நான்கு குட்டிச் சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். லைனிங் மூட்டைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இந்தத் தடவை சொல்லவே இல்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதனால் இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் உண்ணாமலை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, இயக்குநரிடம் போகவில்லை. நானே விசாரித்துவிட்டேன்.

அவர்தான் இன்று காலை வந்து இதையும் சொன்னார். வேலுமணி நான்கு எலுமிச்சம்பழத்தோடு கணினி அறைக்குப் போனாராம். குனிந்து பார்த்தாராம். சக்கரம் இல்லை. கொஞ்ச நேரம் கையில் பழத்தோடு ஆபீஸ் முழுக்கச் சுற்றியிருக்கிறார். மேஜைக்கு இல்லை, பீரோவுக்கு இல்லை, தண்ணீர் கேனுக்கு இல்லை. கடைசியில் இயக்குநர் அறை வாசலில் நின்று, அந்தச் சுழல் நாற்காலியின் அடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, சந்தைக்கு ஓடினாராம்.

இன்னொரு பழம் வாங்கத்தான். அந்த நாற்காலிக்கு ஐந்து சக்கரம்.